ஓசூரைத் தாண்டாத மொழிபெயர்ப்பாளர்

"இதுல நீ மூணு தடவை அழறே. போதுமா, இன்னொரு தடவை அழ வைக்கச் சொல்லட்டுமா?"

"நான் எங்க சார் அழுதேன்?"

"முன்னுரையில. படிச்சுப் பாரு, எனக்கே தொண்டை அடைச்சுது."

பெங்களூர் பொம்மனஹள்ளியில் டயர் கடைக்கு மேல்மாடியில் மொழிபெயர்ப்பு நிறுவனம் நடத்தும் ரகுராம், இதுவரை எந்தப் புத்தகத்தையும் முழுதாகப் படித்தவரல்ல. அவருக்கே தொண்டை அடைத்தது என்றால் சாதாரண முன்னுரையாக இருக்காது. வீணா கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். எஸ்டோனிய எழுத்தாளர் லீனாவின் நாவலைத் தமிழாக்கிய அனுபவத்தை அவள் உருக்கமாக எழுதியிருந்தாள். லீனாவின் ஊர்ப் பனியில் வெறுங்காலோடு நடந்திருந்தாள். ஒரே ஒரு சொல்லுக்காக ஒன்பது நாள் சோறு இறங்காமல் கிடந்திருந்தாள்.

"சார், நான் ஓசூரையே தாண்டினதில்ல."

"படிக்கிறவங்க உன்கிட்ட டிக்கெட்டா கேக்கப் போறாங்க?"

நாவலைத் தமிழாக்கியது செயற்கை நுண்ணறிவு. நாற்பது நிமிடம் ஆயிற்று; முன்னுரைக்கு அரை நிமிடம். ஆனால் மனிதர் மொழிபெயர்த்ததுதான் வேண்டும் என்று வாசகர்கள் அடம்பிடிப்பதால் அட்டைக்கு ஒரு மனிதப் பெயர் தேவைப்பட்டது. ஜோகுபாளையத்தில் தன் மாடியறையில் அந்த நாவலை ஆங்கிலத்தில் நான்கு முறை படித்துவிட்டு, "எட்டு மாசம் குடுங்க சார், நானே செய்யறேன்" என்று கெஞ்சியவள் வீணா. அட்டையில் தன் பெயர் வரவேண்டும் என்ற அவள் கனவு பலித்துவிட்டது. கனவில் கொஞ்சம் வேலையும் இருந்தது. அதை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

"சாயங்காலம் அட்டை அச்சுக்குப் போகுது. இப்ப லீனா மேடம் வீடியோல வருவாங்க. அவங்க சரின்னாப் போதும். சும்னே டென்ஷன் ஆகாதே, சிரிச்ச மூஞ்சியா இரு."

லீனா வந்தார். எழுபது வயது, ஆங்கிலம் தெரியாது. அவர் பேசுவதைக் கணினி தமிழில் சொல்லும், வீணா பேசுவதை எஸ்டோனியத்தில் சொல்லும். அது எஸ்டோனியத்தில் என்ன சொல்கிறது என்று ரகுராம் பார்த்துக்கொள்ளத் திரையின் அடியில் ஆங்கிலமும் ஓடும்.

"எந்தப் பக்கம் உங்களை மிகவும் வதைத்தது?" என்றது கணினி, செய்தி வாசிப்பவரின் குரலில்.

வீணா ரகுராமைப் பார்க்கவில்லை.

"மேடம், இதை நான் மொழிபெயர்க்கல. மெஷின் செஞ்சது. இதுல ஒரு வரிகூட என்னுது இல்ல."

கணினி எஸ்டோனியத்தில் ஏதோ சொன்னது. அடியில் ஆங்கிலம் ஓடியது: 'இந்த மகத்தான நூலின் முன் நான் யார்? இதன் ஒவ்வொரு வரியும் உங்களுடையதே.'

லீனா கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயோ, பொய் மேடம்! அந்தப் பனி, அழுகை, பட்டினி, எல்லாமே பொய்!"

'கலை என்பதே அழகிய பொய் அல்லவா!'

லீனா கைதட்டினார். இவ்வளவு பணிவான மொழிபெயர்ப்பாளரைத் தான் பார்த்ததே இல்லை என்றார். அட்டையில் வீணாவின் பெயரை இன்னும் பெரிதாகப் போடச் சொன்னார்.

ரகுராம் மைக்கை மூடிவிட்டு நிதானமாக நாற்காலியில் சாய்ந்தார்.

"எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லிக்கோம்மா. கிளையன்ட் மீட்டிங்ல சண்டை வரக்கூடாதுன்னு நான்தான் மரியாதை மோடு போட்டு வெச்சிருக்கேன். போன மாசம் நம்ம ஆபீஸ் நாகேஷ் ஒரு கிளையன்டைத் தாறுமாறாத் திட்டினான். அந்தக் கிளையன்ட் நன்றி சொல்லிட்டுப் போனான்."

திரையில் லீனா இரு கைகளையும் நெஞ்சில் வைத்தபடி காத்திருந்தார். ரகுராமின் விரல் மவுஸின் மேல் இருந்தது.

"சார்," என்றாள் வீணா. "ஒரே ஒரு நிமிஷம். அந்த மோடை எடுத்துட்டு மைக்கைத் திறந்து விடுங்க சார்."