இருபத்து மூன்றாவது கேள்வி

என் கணவர் கடைசியாக என்னிடம் கேட்டது வேலை விஷயமான ஒரு கேள்வி. அவர் புள்ளிவிவரத் துறையில் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புகிறவர். அந்த மாதம் நாடு வெளிநாட்டுக் கடனுக்குத் தவணை கட்ட முடியாமல் கையை விரித்திருந்தது. எண்ணெய்க் கப்பல் எதுவும் சரக்கை இறக்கவில்லை. புதுக் கடன் தருவதற்கு முன், இங்கே ஜனங்கள் ஒருவரையொருவர் எவ்வளவு நம்புகிறார்கள் என்று கணக்கெடுத்துத் தரும்படி கடன் கொடுக்கிறவர்கள் கேட்டிருந்தார்கள். நம்பிக்கை இருக்கிற ஊரில்தான் தொழில் வளருமாம்.

"அவங்க நம்மளை நம்பணும்னா, நாம ஒருத்தரை ஒருத்தர் நம்பணுமாம்" என்று சிரித்தார்.

கேள்வி கேட்க வீடுகளைப் பொறுக்கிய குலுக்கலில் எங்கள் வீட்டு எண்ணும் விழுந்திருந்தது. முறைப்படி வேறு ஆள் வந்து எழுத வேண்டும். பெட்ரோல் இல்லாத நாளில் யாரை வரச்சொல்வது என்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வெங்காயம் நறுக்கும்போது அவரே எழுத உட்கார்ந்தார்.

"இருபத்தி மூணு. வீட்டுல திடீர்னு ஆபத்துன்னா, சொந்தக்காரங்களை விட்டுட்டு, ஓடி வர்றவங்க எத்தனை பேரு?"

"ரெண்டு."

"யாரு யாரு?"

"மாடி வீட்டு அக்கா. இன்னொண்ணு சும்மா கௌரவத்துக்கு."

இரண்டு என்று எழுதிவிட்டுக் கை கழுவப் போனவர், குழாயடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆம்புலன்ஸுக்கு அடித்தால், வண்டி இருக்கிறது, டீசல் இல்லை என்றார்கள். என் சத்தம் கேட்டு இறங்கிவந்த மாடி வீட்டு அக்கா தெருவெல்லாம் கதவைத் தட்டினாள். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வந்தார். எங்கள் கேட்டை மறித்து வண்டியை நிறுத்துகிறார் என்று இரண்டு வருஷமாக அவரோடு பேச்சுவார்த்தை இல்லை. அவர் டேங்கும் காலி. தையல்காரர், பேக்கரிக்காரர், பெயர்கூடத் தெரியாத ஒரு ரிட்டயர்டு கிளார்க் என்று ஆளாளுக்குத் தங்கள் பைக்கில் டியூபை விட்டு உறிஞ்சி, தண்ணி பாட்டிலில் கொண்டுவந்து ஊற்றினார்கள். மறுநாளைக்கென்று வைத்திருந்த பெட்ரோல்.

ஏறத் தயங்கினேன் போலிருக்கிறது. "சண்டையை அப்புறம் போட்டுக்கலாம்க்கா, ஏறுங்க" என்றார் ஆட்டோக்காரர்.

பாதி வழியிலேயே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

பிறகு ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பெட்ரோல் தந்தவர்கள், தூக்கியவர்கள், திறந்துபோட்ட வீட்டுக்குக் காவல் இருந்தவர்கள் எல்லாமாகப் பதினான்கு பேர்.

இரண்டு வாரம் கழித்துப் படிவங்களை வாங்கிப்போக அவருடைய மேலதிகாரி வந்தார். அந்த இரண்டைப் பதினான்காக மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். அவர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அன்னைக்கு நீங்க சொன்னதுதாம்மா பதில். அவர் இருந்திருந்தாலும் மாத்த விட்டிருக்க மாட்டார்."

உண்மைதான். விட்டிருக்க மாட்டார்.

மறுவருஷம் அறிக்கை வந்தது. நம்பிக்கை குறைந்த பகுதிகளின் பட்டியலில் எங்கள் பகுதியும் இருந்தது. கடன் கிடைத்தது; பெட்ரோலும் வந்துவிட்டது. ஆட்டோ இன்றைக்கும் எங்கள் கேட்டை மறித்துத்தான் நிற்கிறது.