காப்பில் ஒட்டு எந்தப் பக்கம்

பல் டாக்டரம்மா முறிந்த வெள்ளிக் காப்பைப் பட்டறை மேசையில் வைத்தார். யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டியபோது, பல் கழல்வதற்கு முன்னால் காப்பு கழன்று விழுந்ததாம். இங்கே வாங்கி இருபது நாள்கூட ஆகவில்லை.

"ஒட்டு விட்டுப்போச்சு," என்றான் அண்ணன், கையில் எடுத்துக்கூடப் பார்க்காமல். தெருவில் அவனுக்கு 'அவசரம்' என்றுதான் பெயர். சாப்பிட்ட கை காய்வதற்குள் அடுத்த வேளைக்கு என்னவென்று கேட்கிற ஆள்.

அந்தப் பட்டறையில் கம்பி இழுப்பது அவன். தீ வைத்து ஒட்டுவது தங்கை. ஆகவே குற்றவாளி யாரென்று தனியே சொல்ல வேண்டியதில்லை. இருந்தும் சொன்னான்.

"நாளையிலிருந்து நீ மெருகு மிஷின்ல உட்காரு. தீ வேலையை நான் பார்த்துக்கறேன்."

உள்வாசலில் அண்ணி வந்து நின்றாள். வெங்காயம் உரிக்க வீட்டில் அதைவிட வெளிச்சமான இடம் கிடையாது போலிருக்கிறது.

தீக்கு முன்னாலிருந்த முக்காலியில் தங்கை உட்கார்ந்து பன்னிரண்டு வருஷம். எழுந்திருக்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை. காப்பை விரலால் தடவிப் பார்த்தாள். அவள் ஒட்டி, அரத்தால் ராவி, மெருகேற்றிவிட்டால் ஒட்டு எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றைக்கு அந்தச் சுத்தமே அவள் காலை வாரிவிட்டது.

"ஒட்டு எதிர்ப்பக்கம் இருக்குண்ணே."

"எங்கே, காட்டு."

"கண்ணுக்குத் தெரியாது."

"எனக்கும் பறக்கத் தெரியும். அதுவும் கண்ணுக்குத் தெரியாது."

அண்ணி களுக்கென்று சிரித்தாள். தங்கை சிரிக்கவில்லை. "பிரிச்சுக் காட்டறேன். டாக்டரம்மா, உங்க பொருள். பிரிக்கட்டுமா?"

"சந்தேகம்னா நாங்களும் திறந்துதான் பார்ப்போம். பிரிம்மா."

காப்பைச் செங்கல்லில் வைத்துத் தீக்குழாயைத் திறந்தாள். ஒட்டின் மேலேயே தீயைக் காட்டுவது கற்றுக்குட்டி வேலை. அவள் காப்பைச் சுற்றிச் சுற்றி, மொத்த வெள்ளியும் மங்கலாகச் சிவக்கும்வரை சூடேற்றினாள். வெள்ளி உருகுவதற்கு முன்பே, ஒட்டுக்கு வைத்த உலோகமான பற்றாசு இளகிவிடும். முறிவுக்கு நேர் எதிரே ஒரு நூல்கோடு பளிச்சென்று மின்னியது. இடுக்கியால் இழுத்தாள். காப்பு இரண்டு துண்டானது.

அண்ணியின் கையில் வெங்காயம் அப்படியே நின்றது.

டாக்டரம்மா தன் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு முறிந்த முனையைப் பார்த்தார். "உள்ளே வெடிப்பு ஓடியிருக்கு."

"எத்தனை துளை இழுத்தே?" என்றாள் தங்கை.

"அஞ்சு."

"நடுவுல எத்தனை தடவை காய்ச்சினே?"

அண்ணன், கம்பியை மெலிதாக்க இழுக்கிற தட்டின் துளைகளை எண்ண ஆரம்பித்தான். துளைக்குத் துளை இழுக்க இழுக்கக் கம்பி விறைத்துக்கொண்டே போகும். இரண்டு துளைக்கு ஒரு தடவையாவது சிவக்கக் காய்ச்சி இளக்கவில்லையென்றால் உள்ளுக்குள் வெடித்துவிடும். இது அவனுக்குத் தெரியாததல்ல. காய்ச்சுகிற நேரத்தில் இன்னொரு கம்பி இழுத்துவிடலாமே என்ற கணக்கு.

"சரி, ரெண்டு துண்டையும் ஒட்டிக் குடுத்துடு," என்றான், குரலை இறக்கி.

"மாட்டேன். வெடிச்ச கம்பியில என் ஒட்டு நிக்காது. புதுசா இழு. ரெண்டு துளைக்கு ஒரு தரம் காய்ச்சு. நான் பார்த்துக்கிட்டு இருப்பேன்."

"பட்டறை யாருது?"

"ரெண்டு பேருதும்தான். இந்த முக்காலி மட்டும் என்னுது."

அண்ணன் மனைவியைப் பார்த்தான். அவள் வெங்காயத்தைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் புதுக் கம்பியைச் சுருட்டிச் செங்கல்லில் வைத்துத் தீயைக் கொளுத்தினான். அவன் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுகிற வேலைக்கு அன்று முக்கால் மணி நேரம் ஆனது.

"எடுக்கலாமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டான்.

"இன்னும் சிவக்கட்டும்," என்றாள், முக்காலியில் கால்மேல் கால் போட்டபடி.