ஆறு விட்டுப்போன வளைவு

திருச்சானூரில் ஒரு லாட்ஜ் மாடியில் மேப் போடும் ஆபீஸ். அங்கே ஏ.சி. குளிரில் உட்கார்ந்து ஆறு பார்ப்பதுதான் பிரமிளாவுக்கு வேலை. நிஜ ஆறில்லை, சாட்டிலைட் எடுத்த படம். மலையில் நேரே பாய்ந்தால் இளம் ஆறு. சமவெளியில் நெளிந்து, பழைய வளைவுகளை உதறிவிட்டுப் போனால் கிழட்டு ஆறு. உதறிய வளைவு குதிரை லாடம் மாதிரி தெரியும். எம்.எஸ்சி. படித்தவளுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு.

அன்றைக்கு வந்தது சத்தியவேடு பக்கத்து ஆரணியாறு. ஃபேக்டரிகளுக்கு சர்க்காரில் நிலம் தேடுகிறார்கள். பட்டா நிலத்தில் கை வைத்தால் கோர்ட்டு, கேஸ். ஆறு ஓடின நிலமென்றால் புறம்போக்கென்று பட்டாவை ரத்து செய்து சுளுவாகப் பிடுங்கிக்கொள்ளலாம். படத்தைப் பெரிதாக்கினாள். லாடம் அச்சாக அங்கே கிடந்தது. அதன் மேல்தான் அவள் நைனா கன்னையாவின் கடலைக் கொல்லி. காலங்காலமாக அடுத்தவன் நிலத்தில் கூலிக்குக் குனிந்த குடும்பத்துக்கு சர்க்கார் குடுத்த ஒரே துண்டு நிலம். குடுத்த மகராசன் அது ஆறு ஓடின இடமா என்று பார்த்தானா? இப்போது ஆகாயத்திலிருந்து பார்க்கிறார்களாம்!

பிரமிளா லாடத்தை விட்டுவிட்டு, வெறும் மேட்டு நிலம் என்று நிறம் போட்டாள். பொய்தான். அதனால் யார் குடி கெட்டுப்போச்சு? நைனாவிடம் மூச்சு விடவில்லை. அந்த மனுஷனுக்கு ஓட்டை வாய்.

படத்தையும் அவள் போட்ட நிறத்தையும் ஒத்துப் பார்த்த மேலாளர் சம்பத்துக்குச் சந்தேகம். சொல்லாமல் கொள்ளாமல் அவள் ஊருக்கே போய்விட்டார். மறுநாள் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க நைனா தங்கமான மனுஷரும்மா. நான் ஒண்ணுமே கேக்கல. அவரே மம்மட்டி எடுத்து ஆளாழம் தோண்டிக் காட்டிட்டாரு. உள்ள பூரா ஆத்து மணலு, கூழாங்கல்லு. நீ தெரிஞ்சு போட்டியா, தெரியாம போட்டியான்னு நான் கேக்கமாட்டேன். மாத்திடு."

"சார், எங்களுக்கு அது ஒண்ணுதான் சார்..."

"நீ போடலேன்னா நான் போடணும்மா."

அவளேதான் கோடு இழுத்தாள். பாதி வளைவில் போன் அடித்தது.

"பிரமிளா! உங்க சார் வந்தாரும்மா. நல்ல நிலம்னா கவர்மெண்டு தொடாதுன்னு ஊர்ல பேசிக்கினாங்க. உடுவேனா நானு? ஆறு ஓடின மண்ணு சார், எந்தக் கோடையிலயும் ஊத்து வத்தாதுன்னு தோண்டியே காட்டிட்டேன். மனுஷன் குனிஞ்சு கூழாங்கல்ல எடுத்துப் பாத்தாரு. நம்ம கொல்லி தப்பிச்சிடுச்சும்மா!"

"சரி நைனா."

"என்னாம்மா, கொரலு ஒரு மாதிரி கீது? துன்னியா? அந்த சாருக்கு ஒரு மூட்டை பச்சைக் கடலை கட்டி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கினு போ. உன் கையாலயே அவருக்குக் குடு."