மயில்கழுத்து நிறத்தில் ஒரு கடிகாரம்

"வாட்சை நீங்களே கழட்டிருங்க சார். எனக்கு இதத் திறக்கத் தெரியல" என்று நர்ஸ் ஒதுங்கி நின்றாள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கட்டிலுக்கு அருகே போய்ச் சகலையின் இடது கையைத் தூக்கினார். கை இன்னும் சூடாகத்தான் இருந்தது. பட்டையின் அடியில் இரண்டு பக்கமும் இருந்த சின்னப் பொத்தான்களைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒருசேர அழுத்தினார். கொக்கி சத்தமில்லாமல் வாயைத் திறந்தது.

"தொட்டதும் திறந்துட்டீங்களே. நீங்க வாங்கிக் குடுத்ததா சார்?"

"இல்லம்மா."

அந்தக் கொக்கி எப்படித் திறக்கும் என்பதைக் கடையில் ஆள் இல்லாத நேரங்களில் ஃபோனில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார். கையால் தொடுவது இதுதான் முதல் தடவை. எடை குறைவு என்று படித்திருந்தார். இவ்வளவு குறைவு என்று நினைத்திருக்கவில்லை. உள்ளங்கையில் வைத்தபோது மனம் ஒரு குதி குதித்தது. குதித்து அடங்கிய பிறகுதான் கட்டிலில் கிடந்தவரின் முகத்தைப் பார்த்தார். கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சகலையான பல் டாக்டர் அன்று காலையில் தன் கிளினிக்கின் படியேறும்போது அப்படியே மடங்கி விழுந்திருந்தார். கண்ணாடிக் கடை அடுத்த தெருவில் இருந்ததால் வரவேற்பில் இருந்த பெண் முதலில் கூப்பிட்டது இவரைத்தான். இவர் ஓடி வந்து, வண்டி பிடித்து, ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

அக்கா தங்கைகளைக் கட்டிய இருவர் அவர்கள். வயதில் இவர்தான் மூத்தவர். ஆனால் தங்கையைக் கட்டியவராயிற்றே, அதனால் சின்ன மாப்பிள்ளை. தலை முழுக்க நரைத்த பிறகும் சின்ன மாப்பிள்ளை. தன்னைவிட ஆறேழு வயது இளையவளான மனைவியின் அக்காவை அவர் "அண்ணி" என்பார், அவள் அவரைத் "தம்பி" என்பாள். மாமனார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் முதல் தட்டு பெரிய மாப்பிள்ளைக்குத்தான். இவர் சொல்லி ஒருவரும் சிரிக்காத ஜோக்கை அடுத்த வாரம் பெரிய மாப்பிள்ளை சொன்னால் மாமனாருக்குப் புரையேறும். இதையெல்லாம் மனைவியிடம் சொன்னால், "சின்னப் பிள்ளையா நீங்க?" என்பாள். சின்ன மாப்பிள்ளைதானே என்று அவருக்குச் சொல்ல வரும். சொல்ல மாட்டார்.

அந்தக் கடிகாரத்தை முதலில் கண்டுபிடித்தது கண்ணாடிக் கடைக்காரர்தான். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. போன வருடம் எல்லாரும் கூடியிருந்த ஒரு மதியத்தில் ஃபோனை மேசைமேல் வைத்துப் படத்தைக் காட்டினார். வெறும் மணி காட்டுவது மட்டுமில்லை, பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் ஒரு முள் தனியாக ஓடும், நிற்கும், பழைய இடத்துக்குத் திரும்பும். பேட்டரி கிடையாது, அத்தனையும் சக்கரமும் சுருளும்தான். உடம்பு முழுக்கப் பீங்கான். பொடியிலேயே நிறத்தைக் கலந்து சூளையில் சுடுவார்கள், சூடு ஒரு பிடி கூடினாலும் நிறம் செத்துவிடும். இந்த மயில்கழுத்து நிறத்தில் கொஞ்சம் செய்வார்கள், அத்தோடு சரி, பிறகு செய்யவே மாட்டார்கள்.

"பீங்கான்ல வாட்சா? அப்ப சாப்பிட்டு முடிச்சதும் கழுவிக் கவுத்துரலாம்" என்றார் மாமனார். எல்லோரும் சிரித்தார்கள்.

பல் டாக்டர் மட்டும் குனிந்து படத்தைப் பார்த்தார். "பல்லுக்கு உறை போடுறோமே, கிட்டத்தட்ட அதே சரக்குதான் சகலை. நான் ஊர்ல உள்ளவங்க வாயில வைக்கிறேன், நீங்க கையில கட்டணும்ங்கிறீங்க."

இப்போது இன்னும் பெரிய சிரிப்பு.

அடுத்தமுறை குடும்பம் கூடியபோது அது பல் டாக்டரின் மணிக்கட்டில் இருந்தது. அவர்கள் ஊர்க் கடைக்கு வந்ததே ஒன்றுதான். வாங்கலாமா வேண்டாமா என்று இவர் மனதுக்குள் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்த நாட்களில் அவர் போய் வாங்கிவிட்டார்.

"நீங்க சொன்னீங்கல்ல சகலை, அதான்" என்று சிரித்தார்.

கழற்றிக் கையில் தரவில்லை. "பீங்கான்ல, கீழ விழுந்தா போச்சு" என்று கையை மட்டும் நீட்டினார். நீட்டிய கையின்மேல் குனிந்து, ராஜாவின் மோதிரத்தை முத்தமிடுகிறவனைப்போலக் கழுத்தை வளைத்துத்தான் இவர் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் அந்தக் கை எப்படியோ இவர் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே பேசுவார். தண்ணீர் ஜாடியை இடது கையால் நகர்த்துவார். அன்றிரவெல்லாம் இவருக்கு நெஞ்சில் புளித்த ஏப்பமாக வரும்.

ஆஸ்பத்திரியிலிருந்து மதியத்துக்குள் உடல் வீட்டுக்கு வந்து கூடத்தில் கிடத்தப்பட்டது. கண்ணாடிக் கடைக்காரர் நாற்காலிகளை இழுத்துப் போட்டார், வந்தவர்களுக்கு வழி காட்டினார், ஃபோன்களுக்குப் பதில் சொன்னார். சட்டைப் பையில் கடிகாரம் இருப்பதை ஒரு கணமும் மறக்கவில்லை. யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காதது ஒரு பக்கம் நிம்மதியாகவும் இன்னொரு பக்கம் திருட்டுத்தனமாகவும் இருந்தது.

கூட்டம் வந்துகொண்டே இருந்தது. பல் பிடுங்கிக்கொண்டவர்கள், பல் கட்டிக்கொண்டவர்கள். ஒரு கிழவர் வாயைத் திறந்து தன் புதுப் பல் வரிசையைக் காட்டிக் காட்டி அழுதார். வலிக்க வலிக்கப் பிடுங்கினவனுக்கு இத்தனை பேர் அழுகிறார்களே என்று நினைத்துக்கொண்டார் கண்ணாடிக் கடைக்காரர். நான் போனால் யார் வருவார்கள்? பவர் சரியில்லை, மாத்திக் குடுங்க என்று நாலு பேர் வேண்டுமானால் வருவார்கள்.

அவருடைய மனைவி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தான், அத்தான்" என்று மூச்சு விடாமல் அழுதாள். தன் மாமியார் போனபோதுகூட அவள் இப்படி அழவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமனார் இவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"எனக்கு மகன் இல்லாத குறையத் தீத்தவரு போயிட்டாரு மாப்பிள்ளை."

"ஆமா மாமா."

"அந்த மாதிரி ஒரு ஆளு இனிமே எங்க?"

"ஆமா மாமா."

பிடியை மெதுவாக விடுவித்துக்கொண்டு மாடிக்குப் போனார். குளியலறைக் கதவைத் தாழிட்டார்.

தான் என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. தன் பழைய கடிகாரத்தைக் கழற்றிச் சோப்புப் பெட்டியின் பக்கத்தில் வைத்தார். மற்றதை எடுத்துக் கட்டினார். கொக்கி 'டக்' என்று மூடியது. கண்ணாடியில் கையைத் தூக்கிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் பட்டபோது பச்சைக்குள் நீலம் ஓடியது. சட்டைக் கையை மடித்துவிட்டார். இடது கையால் இல்லாத ஜாடி ஒன்றை நகர்த்தினார். பொத்தானை அழுத்தினார். மெல்லிய முள் ஒன்று புறப்பட்டு வட்டத்தைச் சுற்றி ஓடத் தொடங்கியது. கீழே அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சந்தோஷமாக இருந்தார். தான் சந்தோஷமாக இருப்பது கண்ணாடியில் நன்றாகவே தெரிந்தது.

"என்னங்க, உள்ளயா இருக்கீங்க?" கதவு தட்டப்பட்டது. "அக்கா உங்களக் கூப்பிடுறா."

"வரேன், வரேன்."

அவசரத்தில் பொத்தான்களை அழுத்தினார். கொக்கி திறந்தது, கை வியர்த்திருந்தது, கடிகாரம் நழுவித் தரையில் விழுந்தது. அதிகச் சத்தம்கூட வரவில்லை. தட்டு விளிம்பில் கரண்டி பட்டதுபோல ஒரு சின்ன ஒலி.

எடுத்துப் பார்த்தார். முள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பட்டையைப் பிடித்திருக்கும் நான்கு கொம்புகளில் ஒன்றின் நுனி உடைந்திருந்தது. உடைந்த இடத்திலும் அதே மயில்கழுத்து நிறம். உள்ளே வேறெதுவும் இல்லை. ஆணியால் கீறினாலும் கோடு விழாது என்று அன்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னவர் மண்டியிட்டு, ஈரத் தரையில் உள்ளங்கையால் தடவித் தடவித் துண்டைத் தேடினார். கிடைக்கவில்லை.

"என்ன பண்றீங்க இவ்வளவு நேரம்?"

முள்ளை நிறுத்தி, பழைய இடத்துக்கு அனுப்பிவிட்டு, அதைப் பைக்குள் போட்டு, முகத்தைக் கழுவி, தன் பழையதைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். மனைவி அவருடைய ஈரமான முழங்கால்களைப் பார்த்தாள். அழுதிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள் போலும், ஒன்றும் கேட்காமல் அவர் தோளைத் தொட்டுவிட்டு முன்னால் இறங்கிப் போனாள்.

அண்ணி படுக்கையறையில் கட்டில் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கண்கள் வறண்டிருந்தன.

"தம்பி, அவர் வாட்ச் உங்ககிட்டயா இருக்கு? ஆஸ்பத்திரில கேக்க மறந்துட்டேன்."

"இருக்கு அண்ணி. குடுக்கணும்னுதான்..." பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

அவள் அதை இரண்டு கைகளாலும் வாங்கினாள். புரட்டினாள். உடைந்த இடத்தில் அவளுடைய விரல் நின்றது.

அவர் வாயைத் திறந்தார்.

"கையை ஊனப் பாத்திருக்காரு" என்றாள் அண்ணி. "விழும்போது இந்தக் கை படில இடிச்சிருக்கு. கல்லு மாதிரி இருந்துச்சு, இதே உடஞ்சிருச்சுன்னா..." உடைந்த நுனியைத் தடவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "ரொம்ப வலிச்சிருக்குமா தம்பி?"

"இல்ல அண்ணி. வலிச்சிருக்காது. அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டர் சொன்னாரு. விழுறதுக்கு முன்னாடியே நினைவு போயிருக்கும்னாரு."

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அண்ணி தலையை ஆட்டினாள். கூடத்தில் யாரோ புதிதாக வந்து குரலெடுத்து அழுவது கேட்டது.

"அவருக்கு வாட்ச்சுல ஆசையெல்லாம் ஒண்ணும் கிடையாது, தெரியுமா?" என்றாள் அவள். "இத வாங்கிட்டு வந்து ரெண்டு நாள் கட்டினாரு. அதுக்கப்புறம் பீரோவுலதான் கிடந்துச்சு. நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் தேடி எடுத்துக் கட்டுவாரு."

அவள் கடிகாரத்தை மறுபடி புரட்டினாள்.

"நான் சண்டை போட்டிருக்கேன். பாவம் அந்த மனுசன் ஆசைப்பட்டாரு, நீங்க ஏன் முந்திக்கிட்டீங்கன்னு. அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? 'சகலை அந்தப் படத்த எப்படிப் பாத்தான் பாத்தியாடி? எனக்கு எதையும் அப்படிப் பாக்கத் தெரியலயே. அவன் பாத்தத வாங்கிக் கட்டினா நமக்கும் அப்படி வருமான்னு பாப்போம்'னாரு." அண்ணி லேசாகச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. "வரலையாம். மத்தியானம் கடைய சாத்திட்டு நீங்க தூங்குவீங்களாமே, அதச் சொல்லுவாரு. உங்க பொண்ணு உங்க தோள்ல சாஞ்சுக்கிட்டு டிவி பாக்குறதச் சொல்லுவாரு. எங்க பையன் ஃபோன் பண்ணா நாலு வார்த்தை. உங்க வீட்டுக்கு வந்துட்டுத் திரும்புற அன்னிக்கெல்லாம் வழி பூரா பேசமாட்டாரு. உங்களப் பாத்து அவருக்கு அவ்வளவு வயித்தெரிச்சல் தம்பி."

கண்ணாடிக் கடைக்காரரின் உள்ளே ஏதோ ஒன்று துள்ளி எழுந்தது. இத்தனை வருடங்களாகக் காத்திருந்ததுபோல எழுந்தது. கூடத்துக்குப் போய், மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்போல இருந்தது. கேட்டு முகம் சுருங்க வேண்டியவர் அங்கே படுத்திருந்தார்.

"இன்னிக்கு எதுக்குக் கட்டினாராம்?" என்று கேட்டார். கேள்வி தானாக வந்துவிட்டது.

"சாயங்காலம் உங்க வீட்டுக்கு வர்றதா இருந்துச்சுல்ல. கிளினிக்லேர்ந்து அப்படியே வந்துருவேன்னு காலையிலயே கட்டிக்கிட்டாரு."

அவள் கடிகாரத்தை மடியில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கையை மூடிக்கொண்டாள். அதைத் தனக்குத் தருவாள் என்று ஒரு கணம் அவர் எதிர்பார்த்தார். எதிர்பார்த்ததை உணர்ந்தபோது காதுமடல் சுட்டது.

மனைவி வாசலில் வந்து நின்றாள். "என்னங்க, கொண்டுபோற வண்டி தெரு முனைக்கு வந்திருச்சாம். அத்தான் நேத்து நிறுத்தின கார் கேட்டை மறிச்சு நிக்குது. கொஞ்சம் எடுத்து வெளிய விட்டுருங்க. சாவி அங்க மாட்டியிருக்கு."

சாவியை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி நடந்தார். கூடத்தைக் கடக்கும்போது படுத்திருந்தவரின் பக்கம் திரும்பவில்லை.

காரின் கதவைத் திறந்து உட்கார்ந்தார். இருக்கை வெகுதூரம் பின்னால் தள்ளியிருந்தது. காலை நீட்டினார், கிளச்சுக்கு எட்டவில்லை. பல் டாக்டர் நெடிய ஆள், தனக்குத் தோதாக வைத்திருந்தார். கண்ணாடிக் கடைக்காரரின் கை தானாகக் கீழே போய், இருக்கையை நகர்த்தும் கம்பியைப் பிடித்தது. பிடித்தபடியே சற்று நேரம் இருந்தார். பின்னால் வண்டிக்காரன் ஒருமுறை ஹாரன் அடித்தான்.

கம்பியை விட்டுவிட்டார். இருக்கையின் நுனிக்கு நகர்ந்து, ஸ்டீயரிங்கை மார்போடு அணைத்ததுபோல் பிடித்துக்கொண்டு, முன்னங்காலால் கிளச்சை எட்டி மிதித்து, காரை மெதுவாகத் தெருவுக்கு எடுத்தார்.