கறுப்பே காட்டாத பெட்டி

தன் கம்பெனி வளர்ந்த கதையை வெய் ஜின்துவிடம் யாரும் கேட்க வேண்டியதே இல்லை. வருஷக் கடைசி விருந்தில் மைக் கையில் கிடைத்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். தைவானின் ஜோங்ஹெவில் ஐந்தாம் மாடிக்கு மேலே ஒரு தகரக் கொட்டகை, நாலு பேர், ஒரே ஒரு மின்விசிறி. மழை பெய்தால், பேருந்தில் மாட்டுகிற வீடியோ பதிவுப் பெட்டிகளுக்குக் குடை பிடித்தார்களாம். அங்கே தொடங்கி எட்டே வருஷத்தில் சொந்தமாகப் பன்னிரண்டு மாடி, கடல் தாண்டி சீனாவின் டோங்குவானில் தொழிற்சாலை, தைவானில் ஓடுகிற பேருந்துகளில் பாதிக்கு மேல் அவருடைய பெட்டி. "எல்லாம் உழைப்பு!" என்று முடித்துவிட்டு ஒரு பாட்டும் பாடுவார். அதையும் கேட்டுத் தொலைக்க வேண்டும்.

அந்த நாலு பேரில் பெட்டிகளைச் சோதிக்கிற பெய்ருவும் ஒருத்தி. "உழைப்பாம், மண்ணாங்கட்டி" என்று பக்கத்தில் இருக்கும் மென்பொருள்காரன் ஆஹோங்கின் காதில் முணுமுணுப்பாள். அன்றைக்குக் குடை பிடித்தது அவள். முதலாளி அந்த நேரத்தில் கீழே மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடையில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்.

கம்பெனி எப்படி வளர்ந்தது என்று அவளுக்குத் தெரியாதா? அப்போது எல்லாக் கம்பெனிப் பெட்டிகளுக்கும் ஒரே சீக்கு. பேருந்து குழியில் இறங்கி ஏறினால், வெயிலில் சூடேறினால், பெட்டிக்குச் சில நொடி மூச்சடைத்து, பதிவு நின்றுபோகும். அந்த நொடிகளைப் போட்டுப் பார்த்தால் திரை கறுப்பாக வரும். வாங்கினவன் ஃபோனில் பிடித்து ஏசுவான். உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையையே மாற்றினால் சரியாகும், மூன்று மாதம் கொடுங்கள் என்று பெய்ரு கேட்டாள்.

"மூணு மாசமா? அதுக்குள்ள நாம தெருவுக்கு வந்துடுவோம்மா" என்றார் வெய். "அவன் எதுக்குக் கத்துறான்? கறுப்பு வர்றதாலதானே? கறுப்பு வராம பண்ணு, போதும்."

ஆஹோங் ஒரே மத்தியானத்தில் அதற்கு நிரல் எழுதி முடித்துவிட்டான். பெட்டிக்கு மூச்சடைத்தால், கடைசியாக எடுத்த படத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பூசி மெழுகிவிடும். மூலையில் கடிகாரம் மட்டும் தன் பாட்டுக்கு ஓடும். ஆயிற்று, கறுப்பு ஒழிந்தது. ஏச்சும் ஒழிந்தது. 'கறுப்பே காட்டாத பெட்டி' என்று விளம்பரத் தாளில் சிவப்பாக அச்சடித்தார்கள். அடேயப்பா, அப்புறம் விற்ற விற்பனை! நேர்மையாகக் கறுப்பைக் காட்டிக்கொண்டிருந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின.

பெய்ரு சோதனைத் தாளில் எழுதத்தான் எழுதினாள்: 'படம் நிற்கிறது, கடிகாரம் மட்டும் ஓடுகிறது.' அதைப் படித்த வெய் கடைக்குப் போய் இரண்டு பச்சைப் பைகளோடு வந்தார். தேங்காய்ப்பால் வாசனை போட்ட சோளப் பொரி. அதன் பெயரே 'சமத்து சமத்து' என்று அர்த்தப்படும். மெஷின் மக்கர் பண்ணாமல் இருக்க அதன் தலையில் ஒரு பை வைக்காத ஆபீஸ் தைவானில் உண்டா? பச்சைப் பையாக இருக்க வேண்டும், தேதி முடியாததாக இருக்க வேண்டும். ஒன்றைப் பெட்டியின் மேல் வைத்தார். இன்னொன்றை அவள் மேசையில் வைத்தார்.

"அதுவும் சமத்தா இருக்கட்டும், நீயும் சமத்தா இரும்மா."

அவள் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு 'எல்லாம் சரி' என்று வேறொன்றில் கையெழுத்துப் போட்டாள். அடுத்த மாதமே சோதனைப் பிரிவுக்குத் தலைவி ஆனாள். ஆறு வருஷமாக அதே கையெழுத்துத்தான்.

அதற்கப்புறம் அவள் வாய் சும்மா இருக்கவே இல்லை. முதலாளியின் பாட்டு, புதிதாகச் சாயம் ஏற்றிய தலைமுடி, வரவேற்பறையில் மாட்டிய மந்திரி கொடுத்த கேடயம், எதையும் விட்டுவைக்கமாட்டாள். ஆஹோங்கையும் குத்துவாள்.

"ஊர் கண்ணுல மண்ணைத் தூவத்தான் பொறியியல் படிச்சியா நீ?"

"அக்கா, நான் மண்ணைத் தூவினேன். நீங்கதானே மண்ணு நல்ல மண்ணுன்னு கையெழுத்துப் போட்டீங்க" என்பான் அவன், சாப்பாட்டு டப்பாவிலிருந்து தலையைத் தூக்காமல். அவளுக்குச் சுருக்கென்று இருக்கும். உடனே முதலாளியைப் பற்றி இன்னொரு கிண்டல் அடித்து அதை மறந்துவிடுவாள். இளக்காரம் பண்ணிக்கொண்டே இருந்தால் தன் கையில் கறை இல்லை என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

அப்படி இருக்கும்போதுதான் பான்சியாவ் அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. யோங்ஃபா என்ற பேருந்து ஓட்டுநர் ஒரு நாற்சந்தியில் ஸ்கூட்டரில் வந்த பெண்ணின் மேல் மோதிவிட்டார். அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது; நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை. பச்சை விழுந்த பிறகுதான் வண்டியை எடுத்தேன் என்றார் ஓட்டுநர். வண்டியில் இருந்த பெட்டியோ கடைசி வரை சிவப்பைக் காட்டியது. பெட்டி சரியாக வேலை செய்கிறது என்று சோதித்தவர் வந்து சொல்ல வேண்டும் என்று கடிதம் கேட்டது.

வெய் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தேநீரை அவரே ஊற்றிக் கொடுத்தார். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அடுத்த மாசம் கம்பெனி பங்குச் சந்தைல ஏறப்போகுது, தெரியுமில்ல? இந்த நேரத்துல ஒரு ஓட்டுநரைக் கட்டிக்கிட்டு அழ முடியாது. கடிகாரம் சரியா ஓடுதுன்னு மட்டும் சொல்லிட்டு வா. ஓடுதா, இல்லையா?"

"ஓடுது."

"அப்புறம் என்ன? நான் என்ன பொய்யா சொல்லச் சொல்றேன்?"

எவ்வளவு சுத்தமாக யோசித்திருக்கிறார் பாருங்கள்! காறித் துப்ப வேண்டும் போல இருந்தது பெய்ருவுக்கு. துப்பவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு மறுநாள் காலை விசாரணைக்குப் போனாள். கடிகாரம் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் போனாள். உள்ளதைச் சொன்னால் வேலையும் போகும், ஆறு வருஷக் கையெழுத்தும் அவள் கழுத்துக்கே வரும். சொல்லாவிட்டால் ஓட்டுநரின் உரிமம் போகும், குற்றவாளி என்ற பெயர் நிற்கும்.

விசாரணை அறையில் யோங்ஃபா முழங்காலில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். திரையில் படம் ஓடியபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சிவப்பு விளக்கு, ஓரத்தில் ஒரு வெற்றிலைப்பாக்குக் கடை, மூலையில் கடிகாரம். நொடிகள் ஓடின. விளக்கு சிவப்பிலேயே இருந்தது. சட்டென்று பேருந்து சந்தியின் நடுவில் இருந்தது, ஸ்கூட்டர் விழுந்தது.

"உங்க பெட்டி வந்ததிலேர்ந்து எங்க பாடு சுகமாயிடுச்சு" என்றார் விசாரித்த இளம் பெண் அரசு வழக்கறிஞர், சிரித்துக்கொண்டே. "ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க, மண்டை காயும். இப்ப யாரையும் கேக்கவே வேணாம். படத்தைப் போட்டமா, முடிச்சமான்னு இருக்கு."

பெய்ரு திரையின் பக்கம் திரும்பினாள். யாரையும் கேட்க வேண்டியதில்லையாம்! ஆஹோங் ஒரு மத்தியானத்தில் பூசி மெழுகியதை வைத்துக்கொண்டு இவர்கள் மனிதரைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

"இன்னொரு தடவ போடுங்க. விளக்கை விடுங்க, அந்தப் பாக்குக் கடையைப் பாருங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

போட்டார்கள். கடை வாசலில் பச்சையும் ஊதாவுமாக விசிறி மாதிரிக் கண் சிமிட்டுகிற விளக்கு. சிமிட்டியது, சிமிட்டியது, நின்றது. ஏழு நொடி அப்படியே எரிந்தது. பேருந்து சந்தியின் நடுவுக்கு வந்ததும் மறுபடி சிமிட்டியது.

"அந்த ஏழு நொடி படமே இல்ல. எங்க பெட்டி பழைய படத்தைப் போட்டு அடைச்சிருக்கு. அப்படித்தான் செஞ்சிருக்கோம். தெரிஞ்சேதான் நான் கையெழுத்துப் போட்டேன்."

அரசு வழக்கறிஞரின் சிரிப்பு நின்றது. வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தவர் எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். பெய்ருவுக்கு உள்ளே ஒரு நிமிர்வு. இத்தனை வருஷத்தில் ஒரு உருப்படியான காரியம் செய்துவிட்டோம் என்று தோன்றியது. ஓட்டுநர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொள்வார் என்றுகூட எதிர்பார்த்தாள்.

யோங்ஃபா எழுந்திருக்கவில்லை. "எப்பலேர்ந்து உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"ஆறு வருஷமா."

"ஆறு வருஷமா." அதைத் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அப்ப பச்சைதான் விழுந்துச்சா?"

"விழுந்திருக்கலாம் ஐயா. எங்களால சொல்ல முடியாது. அந்த ஏழு நொடி எங்கயும் பதிவாகல."

"எனக்கு மொதல்ல பச்சைன்னுதான் ஞாபகம் இருந்துச்சும்மா. எங்க பஸ் கம்பெனிலயும் இங்கயும் எத்தனையோ தடவ போட்டுக் காட்டினாங்க. பார்க்கப் பார்க்க எனக்கே சிகப்புதான்னு ஆயிடுச்சு. பொய் சொல்லிட்டமேன்னு என் மேலயே எனக்கு அருவருப்பு. போன வாரம் அந்தப் பொம்பளை வீட்டுக்குப் போய் மண்டி போட்டு, சிகப்புல வந்துட்டேன், மன்னிச்சுடுன்னு சொல்லிட்டு வந்தேன். இப்ப கண்ணை மூடினா சிகப்புதான் தெரியுது, பச்சை வர மாட்டேங்குது."



யோங்ஃபா முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும். சிகப்பா, பச்சையா, ஏதோ ஒண்ணு சொல்லுங்க. அதையே நம்பிட்டுப் போறேன்."