முந்நூறு வினாடி

எங்கள் ஆஸ்பத்திரியின் வெப்சைட் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் படுத்துக்கொள்ளும். எட்டே கால் வரை எழுந்திருக்காது. இது எல்லோருக்கும் தெரியும். ஏன் படுக்கிறது என்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் நான்.

பதினேழு வருஷமாக இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், நான்கு சர்வர்களோடு குடித்தனம் நடத்துகிறேன். அறையில் ஏசி ஓடுவது எனக்காக இல்லை, அதுகளுக்காக. எனக்கு மிஞ்சியது கழுத்து வலியும் வருஷம் முழுக்க ஜலதோஷமும்தான். மாடியில் இருப்பவர்களுக்கு நான் 'சிஸ்டம் அம்மா'. பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் சிஸ்டம் அம்மா, சுவர்க் கடிகாரம் நின்றுபோனாலும் சிஸ்டம் அம்மா. ஒருநாள் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒருவர்கூட எனக்குத்தான் போன் செய்தார். என்ன ஜென்மங்களோ!

போன வியாழக்கிழமை மேலாளர் கூப்பிட்டனுப்பினார். எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்பதால் அவருக்குப் பார்க்கலாம் சார் என்றே பெயர். அன்றைக்கு அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

"புகார் நூத்தி அறுபது வந்திருக்கும்மா. மேல இருந்து கேக்குறாங்க. வர்ற திங்கக்கிழமை சைட் ஓடியே ஆகணும்."

"சர்வர் பழசு சார்."

"எட்டு மாசமா இதையே சொல்றீங்க."

"எட்டு மாசமா அது பழசாத்தான் சார் இருக்கு. நாளாக நாளாகப் புதுசாவா ஆகும்?"

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கும் நிலைமையில் இல்லை. ஏனென்றால் சர்வர் அப்படியொன்றும் பழசு இல்லை. கோளாறு முழுவதும் ஒரு ஃபைலில், ஒரே ஒரு வரியில் இருந்தது.

யாராவது நம் பக்கத்தைத் திறந்தால் சர்வர் அவருக்கென்று ஓர் இணைப்பைக் கொடுக்கும். கேட்ட பக்கத்தைக் கொடுத்த பிறகும் உடனே கையை விட்டுவிடாது. இன்னும் ஏதாவது கேட்பாரோ என்று கொஞ்ச நேரம் அந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். ஒவ்வொரு தடவையும் 'நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள்' என்று முதலிலிருந்து தொடங்க வேண்டாமே என்பதற்காகத்தான். நல்ல ஏற்பாடு. அந்தக் கொஞ்ச நேரம் இரண்டு மூன்று வினாடி என்றால் எல்லோருக்கும் நல்லது. எங்கள் சர்வரில் அது முந்நூறு வினாடி. மொத்தமே நூற்றைம்பது இணைப்புதான் உண்டு. முதலில் நுழைந்த நூற்றைம்பது பேர், டீக்கடையில் குடித்து முடித்த காலி டம்ளரோடு பெஞ்சை விட்டு எழுந்திருக்காதவர்கள் மாதிரி, ஐந்து ஐந்து நிமிஷமாக உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்கள் போனில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்பார்கள்.

முந்நூறு என்று போட்டவர்கள் சர்வரை நிறுவ வந்தவர்கள். அப்போது பதிவு மேசையில் இருந்த கம்ப்யூட்டர்களுக்கு லைன் அவ்வளவு மந்தம், இணைப்பு ஒரு தடவை விட்டுப்போனால் மறுபடி ஒட்டுவதற்குள் உயிர் போய்விடும். அந்தக் கம்ப்யூட்டர்கள் என்றைக்கோ காயலான் கடைக்குப் போய்விட்டன. முந்நூறு மட்டும் ஃபைலில் தங்கிவிட்டது. எட்டு மாதத்துக்கு முன்பு அதைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததும் மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை.

காரணம் என் அக்கா.

அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர், தையல்காரர். பதினொரு மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கைக்கான பிசியோ எங்கள் ஆஸ்பத்திரியில் நன்றாகச் செய்வார்கள். ஆனால் வாரத்துக்கு நாற்பது இடம்தான். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வெப்சைட்டில் திறக்கும், யார் முந்துகிறாரோ அவருக்கு. ஒரு வாரம் தவறினால் மாமாவின் விரல்கள் மறுபடி மடங்கிக்கொள்ளும். இரண்டு தடவை தவறியது, இரண்டு தடவையும் நானே கண்ணால் பார்த்தேன்.

நினைத்தால் அவர் பெயரை நானே நேராகப் பட்டியலில் எழுதிவிடலாம். கேட்க நாதியில்லை. ஒருநாளும் செய்ததில்லை. அதில் எனக்கு ஒரு கர்வம்கூட உண்டு. ஆனால் அக்காவிடம் இதைச் சொல்லிக்கொடுத்தேன்: "ஏழு அம்பதுக்கே உள்ள போய் உக்காந்துடு. மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஏதாவது அமுக்கிக்கிட்டே இரு. உன்ன வெளியே தள்ளாது. எட்டு அடிச்சதும் பிசியோவ அமுக்கு."

உள்ளே மாட்டிய நூற்றைம்பது பேரில் முக்கால்வாசி பல், கண், தோல் என்று வேறு பிரிவுகளுக்கு வந்தவர்கள். அதனால் அக்காவுக்குக் கிடைத்துவிடும். அந்த முந்நூறை மாற்றிவிட்டால் வெளியே நிற்கும் கூட்டமெல்லாம் உள்ளே வந்துவிடும், அவளும் அதில் ஒருத்தி. ஆகவே எட்டு மாதமாக நான் எல்லோரிடமும் சர்வர் பழசு, சர்வர் பழசு என்று பூசி மெழுகிக்கொண்டிருந்தேன். திருட்டு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

மேலாளர் அறையிலிருந்து இறங்கி வந்தபோது பதிவு மேசையில் இருப்பவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். ஒலிபெருக்கி என்று அவளுக்குப் பட்டப்பெயர். இருமினாலே மூன்று மாடிக்குக் கேட்கும்.

"சிஸ்டம் அம்மா! இந்தப் பொண்ணுக்கு நீங்களே பதில் சொல்லுங்க. என்னால தொண்டைத் தண்ணி வத்தக் கத்த முடியாது!"

பக்கத்தில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். லாண்டரியில் இஸ்திரி போடும் வேலையாம். முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள். அவளுடைய அம்மாவுக்கும் பக்கவாதம்.

"மேடம், பதினாலு வாரமா எட்டு மணிக்குப் போடுறேன். சுத்திக்கிட்டே இருக்கு. என் போன்தான் மட்டம்னு நெனச்சுப் போன வாரம் புதுசு வாங்கிட்டேன். இதுலயும் சுத்துது. நான்தான் ஏதாவது தப்பா அமுக்குறேனா? ஒரு தடவ சொல்லிக்கொடுத்துடுங்க."

போனை என்னிடம் நீட்டினாள். திரையின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அவள் உரிக்கவில்லை.

"உங்க மேல தப்பு இல்லம்மா."

"அப்ப யார் மேல?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். 'சர்வர் பழசு' என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. பார்க்கிறேன் என்று ஏதோ முனகிவிட்டுப் படியிறங்கினேன். கீழே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை சர்வரில் கை வைக்க மாட்டோம், எங்கள் தொழிலில் அப்படி ஒரு வழக்கம். ஏதாவது கோணலானால் சனி ஞாயிறு போயே போச்சு. அதைச் சாக்கு வைத்து ஒருநாள் தள்ளினேன். சனிக்கிழமை மத்தியானம் சாக்கு தீர்ந்துவிட்டது. ஃபைலை ஒரு பிரதி எடுத்து வைத்தேன். அந்த வரிக்குப் போனேன். முந்நூறில் இருந்த இரண்டு பூஜ்யத்தை அழித்தேன். மூன்று. சேமித்து, சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். ஒரே சமயத்தில் அறுநூறு பேர் வருவதுபோலப் பொய்யாக ஒரு கூட்டத்தை அனுப்பிப் பார்த்தேன். அறுநூறு பேருக்கும் பக்கம் திறந்தது. எட்டு மாசத் தலைவலிக்கு மருந்து இரண்டு பூஜ்யம். எனக்குச் சந்தோஷமே வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன், சொல்லிவிட வேண்டும் என்றுதான்.

மாமா கட்டிலில் உட்கார்ந்து, மடியில் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு, வலது கையால் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தார். அதுதான் அவருடைய வீட்டுப்பாடம். ஏழு பொத்தான். ஆயிரக்கணக்கான சட்டைக்குப் பொத்தான் தைத்த மனுஷன், ஒன்றை ஓட்டைக்குள் நுழைக்க ஆறு மாதம் பிடித்தது.

"வா சின்னவளே! உன் அக்காகிட்டக் கேளு, நேத்து மூணாவது போட்டேன். அவ நம்ப மாட்டேங்குறா."

"நான் அடுப்படியில இருந்தேன், எங்க பாத்தேன்?" என்றாள் அக்கா.

"இப்பப் பாரு ரெண்டு பேரும்."

முதல் பொத்தான் போனது. இரண்டாவது போனது. மூன்றாவதற்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. கட்டைவிரல் இரண்டு தடவை வழுக்கியது. நானும் அக்காவும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். நுழைந்தது. மாமா எங்களை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, முதல் பரிசு வாங்கியவர்கூட அப்படிப் பார்க்க மாட்டார்.

"இதே மாதிரி போனா ரெண்டு மாசத்துல கத்திரி பிடிச்சுடுவார்டி," என்று அக்கா என் காதருகே சொன்னாள். "எல்லாம் உன்னால. நீ மட்டும் அந்த வழியச் சொல்லிக்கொடுக்கலேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

மூன்று மணி நேரம் இருந்தேன். கிளம்பும்போது அவள் போனைச் சார்ஜில் போட்டு, ஏழே முக்காலுக்கு அலாரம் வைத்தாள். செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "அக்கா," என்றேன். "என்னடி?" என்றாள். "ஒண்ணும் இல்ல, வரேன்," என்றேன். தைரியசாலி!

திங்கட்கிழமை ஏழரைக்கே அறைக்குப் போய்விட்டேன். எட்டு மணி. திரையில் வரிகள் மடமடவென்று ஓட ஆரம்பித்தன. ஒன்றுகூடத் தங்கவில்லை. வந்தார்கள், வாங்கினார்கள், போனார்கள், அடுத்தவருக்கு வழி விட்டார்கள். பதினேழு வருஷத்தில் ஒரு சர்வர் அவ்வளவு அழகாக ஓடி நான் பார்த்ததில்லை. பிசியோவின் நாற்பது இடமும் ஐம்பத்திரண்டு வினாடியில் தீர்ந்துவிட்டது. பட்டியலைத் திறந்தேன். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை பார்த்தேன். மாமா பெயர் இல்லை.

பிசியோ பக்கத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணச் சொன்னேன். முந்நூற்று எண்பத்தாறு. இத்தனை நாளும் இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. உள்ளேயே வராதவர்களை யார் எண்ணுவது?

எட்டரைக்கு மேலாளரே கீழே இறங்கி வந்தார். அவர் இந்த அறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"ஒரு புகார் இல்லம்மா! பிரமாதம்!"

"சார், நாப்பது இடத்துக்கு முந்நூத்தி எண்பத்தாறு பேர் வந்திருக்காங்க."

"அப்படியா? பார்க்கலாம்," என்றார். சுற்றும் முற்றும் பார்த்து, "ரொம்பக் குளிருதே இங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன சூட்டோடு லாண்டரிக்காரப் பெண் வந்தாள். ஒலிபெருக்கிதான் வழி காட்டியிருக்க வேண்டும். முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம், திறந்துடுச்சு! எட்டு மணிக்கு டக்குனு திறந்துடுச்சு!"

"இடம் கிடைச்சுதாம்மா?"

"இல்ல மேடம், நிரம்பிவிட்டதுன்னு வந்துச்சு. ஆனா பேஜ் முழுசா திறந்துச்சு. நான் தப்பா ஒண்ணும் அமுக்கல. அடுத்த வாரம் இன்னும் வேகமா அமுக்குறேன்."

நன்றி வேறு சொன்னாள். அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் படியேறுவதற்குள் என் போன் அடித்தது. அக்கா.

"ஏழு அம்பதுல இருந்து உள்ளேயேதான்டி இருந்தேன். நீ சொன்ன மாதிரியே அமுக்கிக்கிட்டே இருந்தேன். எட்டு அடிச்சதும் பிசியோவப் போட்டா, நிரம்பிவிட்டதுங்குது. உங்க சர்வர் படுத்துடுச்சா?"

ஆமாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். எட்டு மாதமாக ஊரே நம்பவில்லையா?

"இல்லக்கா. இன்னைக்குத்தான் அது ஒழுங்கா ஓடுச்சு."

"அப்படின்னா?"

"எல்லாரும் உள்ள வர்ற மாதிரி மாத்திட்டேன். இனிமே முன்னாடியே போய் உக்காந்தாலும் பிரயோஜனம் இல்ல."

"மாத்திட்டேன்னா... நீயா?"

"நான்தான். சனிக்கிழமை."

"நேத்து மூணு மணி நேரம் இங்கதானே இருந்த? வாயத் திறந்தியா?"

"முடியலக்கா."

"அவர் கைய நீயும்தானே பாத்த?"

"பாத்தேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலாம் போலிருந்தது. அவள் திட்டவும் இல்லை, போனை வைக்கவும் இல்லை. அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது, பிறகு மாமாவின் குரல்.

"என்னாச்சு? இடம் கிடைச்சுதா?"

அக்கா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள் போலும். ஆனாலும் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"இல்லீங்க. சர்வர் படுத்துடுச்சாம். சின்னவ இப்பத்தான் சொன்னா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"சரி விடு. அவளத் திட்டித் தொலைக்காத. பழைய மெஷின வெச்சுக்கிட்டு அவளும்தான் என்ன பண்ணுவா, பாவம்."

"நான் எங்க அவளத் திட்டினேன்?" என்றாள் அக்கா.