உள்பை

சாயங்காலம் ஆறு மணிக்கு மாத்திரை. ஆறு வருடமாக அதில் மாற்றமில்லை. தையல்காரரின் இதயத்தில் உலோக வால்வு ஒன்று இருந்தது. அதில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த மாத்திரை. மனைவி சின்னத் தட்டில் வைப்பாள். அவர் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, தலையை ஒரு முறை பின்னால் சாய்ப்பார்.

வியாழக்கிழமை தலை சாயவில்லை. தண்ணீர் மட்டும் உள்ளே போனது. எழுந்தார், கதவுக்குப் பின்னால் தொங்கிய கறுப்புக் கோட்டை ஒரு தடவு தடவினார், திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அவள் அதைக் கவனித்தாள். காரணம் அவளுக்குத் தெரியும். முந்தின நாள்தான் இருவரும் வாய் அறுவை டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். கடைவாய்ப் பல் ஒன்று வேர்வரை சொத்தை. திங்கட்கிழமை எடுப்பதாக ஏற்பாடு. டாக்டரம்மா இதய டாக்டரிடம் போனில் பேசிவிட்டுத் தெளிவாகச் சொன்னார்.

“மாத்திரையை நிறுத்தாதீங்க மாஸ்டர். ஒரு வேளைகூட.”

“ரத்தம் நிக்காதே டாக்டர்?”

“வாய்ல வர்ற ரத்தம் என் கண்ணுக்குத் தெரியும். அழுத்துவேன், தைப்பேன், நிக்கும். வால்வுல கட்டி அது மூளைக்குப் போச்சுன்னா, நான் எங்க போய் அழுத்துறது?”

“நீங்களும் தைப்பீங்களா?”

“ரெண்டு தையல்.”

“காஜா எடுக்கிற மாதிரியா, ஓட்டுத் தையலா?”

டாக்டரம்மா காகிதத்தில் வரைந்து காட்டினார். மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். அந்த நிமிடமே டாக்டரம்மாவின் மீதி வார்த்தைகளும் அடிபட்டுப் போயின.

போன மாதம் ஊசி விரலில் ஏறி, ஒருவருடைய வெள்ளைச் சட்டை முழுக்கக் கறையானது. அதிலிருந்து தன் ரத்தத்தைக் கண்டால் அவருக்குப் பயம். போதாதற்கு, கடைக்கு அளவு கொடுக்க வந்த ஒருவர் சொல்லியிருந்தார்: “என் மச்சான் நாலு நாள் மாத்திரையை நிறுத்திட்டுத்தான் பல்லு பிடுங்கினான். கல்லு மாதிரி இருக்கான்.” மச்சானை மாஸ்டர் பார்த்ததில்லை. இருந்தாலும் சொன்னவர் கொண்டுவந்த பேண்ட் துணி நல்ல துணி, பேச்சும் நம்பும்படி இருந்தது.

அவர் குளிக்கப் போனதும் அவள் கோட்டின் உள்பையில் கைவிட்டாள். மாத்திரை இருந்தது, ஓரம் கொஞ்சம் கரைந்து.

அந்தக் கோட்டை அவர் தன் கல்யாணத்துக்குத் தானே தைத்தார். உள்பைமேல் அவருக்கு அப்படி ஒரு கர்வம். “நான் தைச்ச பையில போட்டது நானா எடுக்காம வெளிய வராது” என்று கடைக்கு வருகிறவர்களிடம் இன்றும் சொல்வார். போட்டபின் திரும்பிப் பார்க்கவும் மாட்டார். பார்ப்பது பைக்கு அவமானம்.

சண்டை போடலாம். முப்பத்தொரு வருடத்தில் அவள் அதையும் செய்து பார்த்தவள். கண்ணாடி போடுங்கள் என்று ஒரு முறை சத்தம் போட்டாள். வீம்புக்கு எட்டு மாதம் கண்ணாடி இல்லாமலே தைத்தார். அந்த எட்டு மாதத்துப் பேண்டுகள் ஒரு கால் குட்டையாக இன்னும் தெருவில் நடக்கின்றன.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். நர்ஸ் எடுத்தாள்.

“ரத்தம் உறையாம இருக்கத் தர்றாங்களே, அந்த மாத்திரையை நுணுக்கிப் பால்ல குடுக்கலாமா சிஸ்டர்?”

“குடுக்கலாம்மா. ஏன், முழுங்க முடியலையா?”

“முழுங்க மாட்டேங்கிறாரு.”

அதில் பொய் இல்லை.

இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கினாள். பாலில் கலந்து, கசந்தால் தெரியாமல் இருக்க ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை கூடப் போட்டாள். மாஸ்டர் தம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தார்.

“பால் இன்னைக்கு நல்லா இருக்கே. பால்காரன மாத்திட்டியா?”

“இல்லைங்க. கைய மாத்திட்டேன்.”

நாலு நாள் இதே நடந்தது. அவர் பையில் போட்டார், அவள் பையிலிருந்து எடுத்தாள், அவர் குடித்தார். சனிக்கிழமை கண்ணாடி முன்னால் நின்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.

“உடம்பு லேசா இருக்கு. இத்தனை வருஷமா எதுவோ என்னைக் கீழ இழுத்துட்டே இருந்திருக்கு.”

திங்கள் காலை, ரத்தம் உறையும் அளவைப் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். இரண்டு புள்ளி ஏழு என்று வந்தது. டாக்டரம்மாவுக்கு மகிழ்ச்சி.

“பிசகாம இருக்கு. எல்லாரும் மாஸ்டர் மாதிரி சொன்ன பேச்சைக் கேட்டா எனக்கு வேலையே பாதி குறையும்.”

மாஸ்டர் கூரையைப் பார்த்துச் சிரித்தார். அவள் தரையின் ஓடுகளைப் பார்த்தாள்.

பல் வந்தது. குழியில் மருந்துப் பஞ்சு வைத்து, மேலே இரண்டு தையல் போட்டு, மருந்தில் நனைத்த துணியைக் கடிக்கக் கொடுத்தார் டாக்டரம்மா. அரை மணி நேரம் வாய் திறக்கக் கூடாது. ஊருக்கே சொல்ல வேண்டிய ரகசியத்தை வைத்துக்கொண்டு மாஸ்டர் அரை மணி நேரம் துணியைக் கடித்தார். நடுவில் நான்கு விரலைக் காட்டினார், மாத்திரை மாதிரி ஏதோ உருட்டிக் காட்டினார், தூக்கி எறிந்து காட்டினார்.

“கையால பேசாதீங்க சார், தாடை அசையுது” என்றாள் நர்ஸ்.

துணியை எடுத்தபோது ரத்தம் நின்றிருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே வெடித்தார்.

“நாலு நாளா அந்த மாத்திரையத் தொடல நான்!”

“ஐயய்யோ!” என்றாள் அவள், சரியான இடத்தில், சரியான சத்தத்தில்.

“நம்பரைப் பாத்தியா? மாத்திரை இல்லாமலே சரியா இருக்கு. அப்புறம் அது எதுக்கு? ஆறு வருஷமா என்னை முட்டாளாக்கி இருக்காங்க. இன்னையோட சரி. வெள்ளிக்கிழமை தையல் பிரிக்கப் போறப்ப அந்த அம்மா மூஞ்சிக்கு நேரா கேக்கிறேன். ஆதாரம் இருக்கு என்கிட்ட.”

பல்லுக்காக நாலு நாள் என்றிருந்தது, இப்போது ஆயுசுக்கும் என்றாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் இனி அவள் கையால் ஒரு வாய்ப் பால் குடிக்க மாட்டார். மாத்திரையையும் வீம்புக்குத் தொட மாட்டார். சொல்லாவிட்டால் சாகும்வரை நுணுக்க வேண்டும். ஒரு கல்யாணம், ஒரு வெளியூர்ப் பயணம், நாலு நாள் அவள் காய்ச்சலில் படுத்தால் போதும், வால்வில் ரத்தம் கட்டி நின்றுவிடும். டப்பாவிலிருந்து வேறு நாலு மாத்திரையை எடுத்துப் பையில் போட்டுவிடலாமா என்றும் ஒரு கணம் நினைத்தாள். போட்டால் அவர் சொன்னது நிரூபணமாகும். பை காலியாகவே இருக்கட்டும் என்று விட்டாள். மாலை ஆறுக்குப் பாலை நன்றாக ஆற்றி, சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். செவ்வாய், புதன், வியாழனும் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை கொளுத்துகிற வெயிலில் கோட்டைப் போட்டுக்கொண்டு மாஸ்டர் கிளம்பினார்.

டாக்டரம்மா தையலைப் பிரித்தார். “அழகா ஆறியிருக்கு.”

“தையல் பரவாயில்ல. முடிச்சுதான் கொஞ்சம் பெருசு” என்றார் மாஸ்டர். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். “டாக்டர், பல்லு பிடுங்கறதுக்கு முன்னாடி நாலு நாள் நான் மாத்திரை போடல. பிடுங்கினப்புறமும் போடல.”

டாக்டரம்மாவின் கையில் கத்தரிக்கோல் அப்படியே நின்றது. திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார்.

“மாஸ்டர், விளையாடாதீங்க. மாத்திரை போடாம இந்த நம்பர் வராது.”

“வந்துச்சே. மாத்திரை நாலும் பத்திரமா இருக்கு, பாருங்க.”

உள்பையில் இரண்டு விரலை விட்டார். பிறகு கை முழுவதும். கோட்டைக் கழற்றி மடியில் விரித்தார். பையை வெளியே புரட்டி, கட்டைவிரலால் தையலை ஓரம் ஓரமாகத் தடவிக்கொண்டு போனார். மூலை வந்ததும் நின்று, மறுபடி முதலிலிருந்து தடவினார். ஒரு தையலும் விட்டிருக்கவில்லை.

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். அவள் பஞ்சு வைத்த தட்டைப் பார்த்தாள்.

மாஸ்டரின் விரல் தையல்மேல் நின்றது. மெதுவாக மனைவி பக்கம் தலையைத் திருப்பினார்.

“ஏம்மா, இந்த எட்டு நாளா பால்ல எதுக்கு அவ்ளோ சர்க்கரை?”